ஓய்வு பெற்ற மறுநாளே மறுபடி வேலை: தென்னாப்பிரிக்காவில் எது தொடரும், எது நிற்கும்?

2025 ஆடி மாதம், கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை. டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் கோயில் கொட்டகையில் கூழ்க் குவளையும் கையுமாக நின்றிருந்தேன். தெரிந்த அக்கா ஒருவர் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். "தம்பி, நீ சம்பளக் கணக்கு பார்த்தவன்தானே, இதைக் கொஞ்சம் படி."

உள்ளே இரண்டு கடிதங்கள். முதல் கடிதம்: ஜூலை 31-ஆம் தேதியோடு நீங்கள் ஓய்வு பெறுகிறீர்கள், இருபத்தேழு வருட உழைப்புக்கு நன்றி. இரண்டாவது: ஆகஸ்ட் 1 முதல் ஒரு வருடத்துக்கு உங்களை ஒப்பந்த ஊழியராக நியமிக்கிறோம். அதே மசாலா மொத்த வியாபாரக் கடை, அதே மேசை, அதே கடன் பேரேடு. சம்பளம் மட்டும் 15,500 ரேண்டிலிருந்து 12,000-க்கு இறங்கியிருந்தது.

கடிதத்தைவிட, கடையில் வாய்வார்த்தையாகச் சொன்னதுதான் அக்காவைக் குழப்பியிருந்தது. "பென்ஷன் வயசு தாண்டினவங்களுக்கு யூஐஎஃப் கிடையாதாம், லீவு கிடையாதாம், சர்வீஸ் எல்லாம் புதுசா ஆரம்பமாம்." யூஐஎஃப் என்பது வேலை போனால் பணம் தரும் அரசுக் காப்பீட்டு நிதி. இந்த மூன்றில் முதல் இரண்டும் தவறு. மூன்றாவது பாதி தவறு. அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

ஓய்வு வயது எங்கே எழுதியிருக்கிறது?

நம்மில் பலர் 60 அல்லது 65 என்பது சட்டம் போட்ட வயது என்றே நினைக்கிறோம். தனியார் வேலைக்கு அப்படி ஒரு வயதைத் தென்னாப்பிரிக்கச் சட்டம் எங்கேயும் குறிக்கவில்லை. 60 என்பது சாசா (அரசின் சமூக உதவித்தொகை நிறுவனம்) தரும் முதியோர் உதவித்தொகைக்கான வயது. 65 என்பது வருமான வரிச் சலுகைக்கான வயது. அரசு ஊழியர்கள் ஓய்வு பெறும் வயதும் அதுதான். இந்த எண்கள் எல்லாம் நம் தலைக்குள் ஒன்றாகக் கலந்துவிட்டன, அவ்வளவுதான்.

தனியார் நிறுவனத்தில் ஓய்வு வயது மூன்று இடங்களில் ஒன்றிலிருந்து வரும். உங்கள் வேலை ஒப்பந்தம், நீங்கள் சேர்ந்திருக்கும் பிராவிடண்ட் ஃபண்டின் விதிகள், அல்லது அந்த இடத்தில் அந்த வேலை பார்ப்பவர்கள் வழக்கமாக ஓய்வு பெறும் வயது. வயதைக் காரணம் காட்டி ஒருவரை வேலையிலிருந்து நீக்கினால் தொழிலாளர் உறவுச் சட்டத்தின்படி அது தானாகவே நியாயமற்ற நீக்கம் ஆகிவிடும். ஆனால் ஒப்புக்கொண்ட வயதையோ வழக்கமான வயதையோ அவர் எட்டியிருந்தால் அந்த நீக்கம் செல்லும். முதலாளி தன் இஷ்டத்துக்கு ஒருநாள் காலையில் "இனிமேல் இங்கே ஓய்வு வயது 60" என்று அறிவிக்க முடியாது. 2004-ல் ஓர் ஆடைத் தொழிற்சாலை வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சிங்கப்பூரில் சொந்தக்காரர்கள் உள்ளவர்கள் அங்கத்திய கதையைச் சொல்வார்கள். அங்கே ஓய்வு வயதுக்குப் பிறகு தகுதியுள்ள ஊழியருக்கு மறுவேலை தர முன்வர வேண்டும் என்றே சட்டம் இருக்கிறது. 2022 ஜூலையில் ஓய்வு வயது 63, மறுவேலை 68 வரை என்று ஆக்கினார்கள். 2026 ஜூலை முதல் அது 64, 69. நமக்கு அப்படிப்பட்ட சட்டம் இல்லை. இங்கே மறுவேலை என்பது முழுக்க முழுக்க இரு தரப்பும் பேசி முடிக்கும் காரியம். அதனால் கையெழுத்துப் போடும் காகிதத்துக்கு இங்கே மதிப்பு அதிகம்.

காகிதமே இல்லாமல் ஓய்வு வயதைத் தாண்டி வேலையைத் தொடர்பவர்களும் நிறைய. முதலாளியும் பேசுவதில்லை, இவர்களும் பேசுவதில்லை, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது. இது பாதுகாப்பு போலத் தோன்றும். அப்படித் தொடர்ந்த ஒருவரைப் பிற்பாடு ஒருநாள் "உனக்கு வயதாகிவிட்டது" என்று அனுப்ப முடியுமா என்ற கேள்வி அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தபோது நீதிபதிகளே ஒரு பக்கமாக நிற்கவில்லை, தனித்தனியாக எழுதினார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே பிரிந்து நிற்கும் விஷயத்தில் நம் பிழைப்பைப் பணயம் வைக்க வேண்டாம். ஓய்வு வயதுக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே, "அதற்குப் பிறகு எந்த ஏற்பாடு?" என்று எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தக் காகிதம்

வருடத்துக்கு 261,748.45 ரேண்டுக்குக் குறைவாகச் சம்பளம் வாங்குபவரை (2025 ஏப்ரலில் வைத்த வரம்பு இது) மூன்று மாதத்துக்கு மேல் தற்காலிக ஒப்பந்தத்தில் வைத்திருந்தால், ஏன் நிரந்தரம் ஆக்கவில்லை என்பதற்குச் சட்டம் ஏற்கும் காரணம் வேண்டும். அந்தக் காரணங்களின் பட்டியலில் "ஓய்வு வயதை எட்டியவர்" என்பதும் இருக்கிறது. ஆக, அக்காவை ஒரு வருட ஒப்பந்தத்தில் வைத்தது தப்பில்லை. அடுத்த வருடமும் அப்படியே புதுப்பிக்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், காரணமும் அதில் இருக்க வேண்டும்.

அதே சட்டப் பிரிவில் இன்னொரு வரியும் இருக்கிறது. அதை யாரும் சத்தமாகப் படிப்பதில்லை. மூன்று மாதத்துக்கு மேல் இப்படி வேலை பார்ப்பவரை, அதே மாதிரி வேலை பார்க்கும் நிரந்தர ஊழியரைவிடக் குறைவாக நடத்தக்கூடாது. நியாயமான காரணம் இருந்தால் மட்டும் வேறுபாடு காட்டலாம். அனுபவம், சேவைக் காலம், வேலையின் தரம், அளவு போன்றவைதான் நியாயமான காரணங்கள். இதில் அக்காவைக் குறைக்க எதைச் சொல்வார்கள் என்று எனக்குப் புரியவில்லை. இருபத்தேழு வருட அனுபவம் அவர் பக்கம்தான் இருக்கிறது.

புது ஒப்பந்தம் என்பதால் புதுச் சம்பளம் பேசலாம், அதற்குத் தடை இல்லை. வேலை நேரம் குறைந்தாலோ பொறுப்பு குறைந்தாலோ சம்பளம் குறைவது இயல்பு. ஆனால் பக்கத்து மேசையில் அதே கடன் பேரேடு எழுதும் நிரந்தர ஊழியர் 15,500 வாங்க, அக்கா 12,000 வாங்கினால், "ஏன்?" என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. வயதுதான் காரணம் என்றால் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமும் குறுக்கே வரும். டிசம்பர் போனஸுக்கும் இதே வாதம் பொருந்தும்.

சின்னக் கடைகளுக்கு ஒரு விலக்கு: பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலோ, ஐம்பது பேருக்குக் குறைவாக இருந்து தொழில் தொடங்கி இரண்டு வருடம் ஆகாமல் இருந்தாலோ இந்தப் பிரிவு பொருந்தாது. அக்காவின் கடையில் நாற்பது பேர், அப்பா காலத்துக் கடை. தப்பிக்க வழியில்லை.

இரண்டாவது ஒப்பந்தம் என்பது நம் வீடுகளில் புதிய சொல் இல்லை. 1860-லிருந்து நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு வந்த நம் முன்னோர்களும் ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்ததும் இதே கேள்வியின் முன் நின்றவர்கள்தான். 1895-ல் போட்ட சட்டப்படி, மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் ஊருக்குத் திரும்பாமலும் இங்கேயே தங்கியவர்கள் வருடத்துக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். 1914-ல்தான் அது ஒழிந்தது. நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் "கான்ட்ராக்ட்" என்றாலே எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் முகம் சுளிப்பார்கள்.

லீவு, நோட்டீஸ், பழைய சர்வீஸ்

அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டம் யாருடைய வயதையும் கேட்பதில்லை. மாதத்துக்கு 24 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் போதும். வருட லீவு 21 நாள். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் அது 15 வேலை நாளாக வரும். நோய் லீவு, ஐந்து நாள் வாரத்துக்கு மூன்று வருடத்தில் 30 நாள். குடும்பக் காரணங்களுக்கு வருடத்தில் மூன்று நாள். இதில் பாட்டி தாத்தாக்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு: பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றால் இந்த லீவு கிடைக்கும், பேரப்பிள்ளைக்கு என்றால் கிடைக்காது. வீட்டில் பேரனைப் பார்த்துக்கொள்வது யார் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியவில்லை போலிருக்கிறது.

இப்போது அந்தப் "பாதி தவறு". ஓய்வு பெறும்போது எடுக்காத வருட லீவுக்குப் பணம் கொடுத்துக் கணக்கை முடிப்பார்கள். எடுக்காத நோய் லீவுக்குப் பணம் இல்லை. அந்த அளவில் புதுக் கணக்குத்தான். ஆனால் இச்சட்டத்தின் 84-ஆம் பிரிவு சொல்வது வேறு: அதே முதலாளியிடம் மறுபடி சேரும்போது நடுவில் இருந்த இடைவெளி ஒரு வருடத்துக்குக் குறைவு என்றால், பழைய சேவைக் காலத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். ஏற்கெனவே கொடுத்த பணமும் லீவும் அதில் கழியும் என்பது அதன் மறுபக்கம்.

இதனால் என்ன பயன்? புது ஊழியருக்கு முதல் ஆறு மாதம் வரை ஒரு வார நோட்டீஸ் போதும்; ஒரு வருடம் ஆனவருக்கு நான்கு வாரம். அக்காவுக்கு ஆகஸ்ட் 1-ஆம் தேதியே நான்கு வாரம்தான், ஏனென்றால் இடைவெளி ஒரு நாள்கூட இல்லை. அவருடைய கடிதத்தில் "ஒரு வார நோட்டீஸ்" என்று அச்சடித்திருந்தது. பழைய படிவத்தைத் தேதி மாற்றி நகலெடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஆட்குறைப்பு வந்தால் கிடைக்கும், வருடத்துக்கு ஒரு வாரச் சம்பளம் என்ற தொகையையும் இங்கே சொல்ல வேண்டும். அது ஆட்குறைப்புக்கு மட்டும். ஓய்வு பெறும்போது வராது, ஒப்பந்தக் காலம் முடிந்து வீட்டுக்குப் போகும்போதும் வராது. ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஆட்குறைப்பு செய்தால்தான் அந்தப் பேச்சு எழும். அப்போது 84-ஆம் பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

யூஐஎஃப், அடிபட்டால் இழப்பீடு

யூஐஎஃப்-க்கு மேல் வயது வரம்பு கிடையாது. ஊழியர் ஒரு சதவீதம், முதலாளி ஒரு சதவீதம். 17,712 ரேண்ட் சம்பளம் வரைதான் கணக்கு. அக்காவுக்கு மாதம் 120 பிடிக்க வேண்டும், கடை 120 போட வேண்டும். பிடிக்காமல் விட்டால் "கையில் 120 கூடுதலாக வருகிறதே" என்று சந்தோஷப்பட வேண்டாம். ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போவதும் யூஐஎஃப் கேட்கத் தகுந்த காரணம்தான். தானாக ராஜினாமா செய்தால்தான் கிடைக்காது. நான்கு நாள் வேலைக்கு ஒரு நாள் உதவித்தொகை வீதம் வரவு சேரும். வேலை செய்ய உடம்பு இடம் கொடுக்க வேண்டும், வேறு வேலை தேடவும் வேண்டும் என்பது நிபந்தனை.

வேலையிடத்தில் அடிபட்டால் கிடைக்கும் இழப்பீட்டுக்கும் வயது தடையில்லை. அதற்கு ஊழியரிடம் ஒரு சென்ட் கூடப் பிடிக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் முதலாளி கொடுத்துப் பிறகு அரசு இழப்பீட்டு நிதியத்திடம் வாங்கிக்கொள்வார். அளவு சம்பளத்தில் 75 சதவீதம். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நடமாடும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு இது முக்கியம்.

நிற்பவை

இதுவரை சொன்னவை சட்டம் தருபவை, அதனால் தொடர்கின்றன. நிறுவனமும் ஃபண்டும் தங்கள் விதிப்படி தருபவைதான் ஓய்வு வயதில் நிற்கும். பெரும்பாலான இடங்களில் குழு ஆயுள் காப்பீடும் ஊனக் காப்பீடும் ஓய்வு வயதோடு முடிந்துவிடும். அக்காவுக்கு இது தெரியாது; இறந்தால் மூன்று வருடச் சம்பளம் வரும் என்றே இன்னும் நம்பிக்கொண்டிருந்தார். இந்த ஒரு கேள்வியை மட்டுமாவது தவறாமல் கேளுங்கள்: "காப்பீடு எந்தத் தேதியோடு நிற்கிறது?"

பிராவிடண்ட் ஃபண்ட் விஷயம் வேறு. வேலையிலிருந்து ஓய்வு பெறுவதும் ஃபண்டிலிருந்து ஓய்வு பெறுவதும் ஒன்றல்ல. ஃபண்டின் விதி அனுமதித்தால் பணத்தை எடுக்காமல் அங்கேயே விட்டுவைக்கலாம். மறுவேலைச் சம்பளம் போதும் என்றால் அதுவே நல்லது என்பது என் கருத்து. மொத்தமாக எடுக்கும் தொகையில் வாழ்நாளுக்கு முதல் 550,000 ரேண்டுக்கு வரி இல்லை. இன்னொன்று: 2021 மார்ச் 1 அன்று 55 வயது நிறைந்திருந்து, அதே பிராவிடண்ட் ஃபண்டிலேயே இருப்பவர்கள் முழுத் தொகையையும் ரொக்கமாக எடுக்கலாம். புது ஒப்பந்தத்தோடு புது ஃபண்டுக்கு மாறினால், அங்கே கட்டும் புதுப் பணத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. மாறச் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

மெடிக்கல் எய்டில் (மருத்துவச் செலவுக்கான சந்தாத் திட்டத்தில்), ஓய்வு பெற்றவர் உறுப்பினராகத் தொடரச் சட்டம் வழி செய்கிறது. முதலாளி கட்டிவந்த பங்கு நிற்கலாம். அப்போது முழுச் சந்தாவும் நம் தலையில் விழும். பணம் இடிக்கிறதே என்று நிறுத்தி, 90 நாளுக்கு மேல் இடைவெளி விட்டு மறுபடி சேர்ந்தால், மூன்று மாதப் பொதுக் காத்திருப்பு. ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருப்பு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள வயதில் பன்னிரண்டு மாதம் நீண்ட காலம். மலிவான திட்டத்துக்கு இறங்குங்கள், வெளியே வந்துவிடாதீர்கள்.

வரியில் ஒரு பள்ளம்

அக்காவுக்கு இறந்த கணவர் வழியில் மாதம் 10,000 ரேண்ட் பென்ஷன் வருகிறது. இப்போது சம்பளம் 12,000. 65 வயதானவர்களுக்கு 2025/26 வரி ஆண்டில் 148,217 ரேண்ட் வரை வரி இல்லை. ஒரு முழு வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பென்ஷன் வருடத்துக்கு 120,000. வரம்புக்குள் இருக்கிறது, பென்ஷன் ஃபண்ட் வரி பிடிக்காது. சம்பளம் 144,000. அதுவும் வரம்புக்குள், கடையும் பிடிக்காது. இரண்டு இடத்திலும் பூஜ்யம். ஆனால் வரித்துறையான சார்ஸ் இரண்டையும் கூட்டும்: 264,000. இதில் முதல் 237,100-க்கு வரி 42,678. மீதி 26,900-க்கு 26 சதவீதம், அதாவது 6,994. மொத்தம் 49,672. வயதுச் சலுகையோடு சேர்த்துக் கழிவு 26,679. கட்ட வேண்டியது 22,993 ரேண்ட். வரி அறிக்கை முடிந்ததும் ஒரே தவணையில் கேட்பார்கள்.

இரண்டு பேருமே தப்புச் செய்யவில்லை. ஒருவருக்கு மற்றவர் கொடுப்பது தெரியாது, அதனால் ஒரே கழிவை இருவரும் ஒவ்வொரு முறை கொடுத்துவிட்டார்கள். 2022 மார்ச் முதல், ஒன்றுக்கு மேற்பட்ட வருமானம் உள்ள பென்ஷன்காரர்களுக்கு எத்தனை சதவீதம் பிடிக்க வேண்டும் என்று சார்ஸே பென்ஷன் கொடுப்பவர்களுக்குச் சொல்கிறது. ஆனால் அது பழைய விவரங்களை வைத்துப் போடும் கணக்கு. புதிதாகச் சேர்ந்த சம்பளம் அதில் உடனே வராது. அதனால் சம்பளத்தில் மாதம் 1,900 ரேண்ட் சுமாருக்குக் கூடுதலாக வரி பிடிக்கச் சொல்லி அக்காவை ஒரு கடிதம் எழுதவைத்தேன். "நானே போய் வரி பிடிங்கன்னு கேட்கணுமா?" என்று சிரித்தார். ஆமாம் அக்கா, கேட்க வேண்டும்.

சாசா முதியோர் உதவித்தொகை வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் அது 2,315 ரேண்ட். வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத்தான் தருகிறார்கள். மறுவேலைச் சம்பளம் அந்தக் கணக்கில் சேரும். வேலையில் சேர்ந்ததைச் சொல்லாமல் இருந்துவிட்டுப் பிறகு திருப்பிக் கட்ட வேண்டிவந்தால் பெரிய தொல்லை.

தகராறு வந்தால்

வேலை நீக்கம் பற்றிய புகாரை, தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சிசிஎம்ஏ-வில் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். நீக்கம் இல்லாமல், வேலையில் வயதைக் காட்டிப் பாகுபாடு என்றால் ஆறு மாதம். கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலே போகலாம். ஒப்பந்தம் முடிந்து புதுப்பிக்கவில்லை என்பதும் சில நேரம் நீக்கமாகவே எண்ணப்படும்: "அடுத்த வருடமும் நீங்கதான்" என்று முதலாளி நம்பிக்கை கொடுத்திருந்தால். அப்படிச் சொன்ன வாட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள்.

அக்கா சிசிஎம்ஏ வரை போகவில்லை. நோட்டீஸ், யூஐஎஃப், சம்பளம், காப்பீட்டுத் தேதி என்று நான்கு கேள்விகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார், அவ்வளவுதான். செப்டம்பர் மாதப் பே ஸ்லிப்பைப் படம் பிடித்து எனக்கு அனுப்பினார். யூஐஎஃப் 120.00 என்று ஒரு வரி வந்திருந்தது. நோட்டீஸைக் கையால் அடித்து "நான்கு வாரம்" என்று திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சம்பளம் பற்றி "டிசம்பரில் பேசலாம்" என்றார்களாம். அதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள் என்று பதில் போட்டேன்.